எள் சாகுபடி: எந்தப் பட்டத்துக்கு எந்த ரகம்? மகசூலைக் கூட்டும் நாள் கணக்கு

எள்ளுக்குச் செலவு குறைவு. ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும், தண்ணீரும் உரமும் அதிகம் கேட்காது. ஆனால் விதைக்கும் நாள் தவறினால் இந்தப் பயிர் மன்னிக்காது. நெல்லில் பத்து நாள் பிந்தினால் ஓரளவு சமாளிக்கலாம். எள்ளில் அதே பத்து நாள், காய் முற்றும் நேரத்தை மழையிலோ கத்திரி வெயிலிலோ கொண்டுபோய் நிறுத்திவிடும். ரகத்தின் வயதும் விதைக்கும் நாளும் பொருந்தினால்தான் எள் லாபம் தரும்.

ஏன் நாள் இவ்வளவு முக்கியம்?

எள் செடி விதைத்த 30 முதல் 35 நாளில் பூக்கத் தொடங்கும். அடியிலிருந்து மேல் நோக்கிப் படிப்படியாகப் பூத்துக் காய்க்கும். அதனால் அடிக்காய் முற்றும்போது நுனியில் பூ இருக்கும். பூக்கும் காலத்தில் 25 முதல் 35 டிகிரி வெப்பம் இருந்தால் காய்ப்பிடிப்பு நன்றாக இருக்கும். 40 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும், காயில் மணி பிடிக்காது. வயலில் தண்ணீர் தேங்கினால் செடி வாடிச் சாகும். முற்றிய காயில் மழை பட்டால் மணி நிறம் மாறும், காய் வெடித்து மண்ணில் கொட்டும்.

இழப்பு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 × 30 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 45,000 செடிகள் நிற்கும். ஒரு காயில் 50 மணி, ஆயிரம் மணியின் எடை 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். செடிக்கு 10 காய் குறைந்தாலே ஏக்கருக்கு 65 கிலோவுக்கு மேல் போய்விடும்.

ஆடிப் பட்டம் (மானாவாரி)

ஆடிப் பட்டத்தில் எள் விதைப்பவர்கள் முன்னால் பார்க்கவேண்டியது வடகிழக்குப் பருவமழையை. அது வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்குள் எள் அறுத்து, காய்ந்து, உதிர்த்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

ஜூலை 20-ல் 85 நாள் ரகத்தை விதைத்தால் அக்டோபர் 13-ல் அறுவடை. அறுத்த பிறகு போர் போட்டுக் காயவைத்து உதிர்க்க 7 முதல் 10 நாள் ஆகும். அதாவது மழை தொடங்கும் நாளை ஒட்டித்தான் வேலை முடியும். அதே நாளில் 75 நாள் ரகத்தை விதைத்தால் அக்டோபர் 3-ல் அறுத்துவிடலாம். ஆகஸ்ட் 15-ல் 85 நாள் ரகத்தை விதைத்தால் அறுவடை நவம்பர் 8. அது அடைமழைக் காலம், போட்ட முதல் கூடத் தேறாது.

ஆகவே:

• ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தில் மழை கிடைத்தால் 80 முதல் 85 நாள் ரகங்களை விதைக்கலாம்.
• ஜூலை மூன்றாம் வாரத்துக்குப் பிறகு என்றால் 70 முதல் 75 நாள் ரகம் மட்டுமே.
• ஆகஸ்ட் பத்துக்கு மேல் மழை வந்தால் அந்த நிலத்தில் எள்ளை விட்டுவிடுங்கள். வேறு பயிர் போட்டு, எள்ளைக் கார்த்திகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கார்த்திகைப் பட்டம் (மானாவாரி)

நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் பாதி இதற்கு ஏற்றது. கரிசல் போன்ற ஈரம் பிடிக்கும் நிலங்களில், மண்ணில் தங்கிய ஈரத்தை நம்பி விதைக்கும் பட்டம் இது. பிப்ரவரியில் அறுவடைக்கு வருவதால் மழைப் பயம் குறைவு.

இங்கே இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. அடைமழை ஓயும் முன் விதைத்தால் இளம் செடி தண்ணீரில் அழுகும். மார்கழி கடைசிவரை தள்ளினால் குளிரில் முளைப்பு தாமதப்படும், காய் பிடிக்கும்போது மண்ணில் ஈரம் இருக்காது. கனமழை ஓய்ந்து, நிலம் ஏர் ஓட்டும் பதத்துக்கு வந்ததும் விதைத்துவிடுங்கள். சரிவுக்கு ஏற்றபடி வடிகால் வாய்க்கால் எடுப்பது கட்டாயம். இந்தப் பட்டத்துக்கு 80 முதல் 85 நாள் ரகங்கள் பொருந்தும்.

மாசிப் பட்டம் (இறவை)

கிணற்றுப் பாசனம் உள்ளவர்களுக்கும், சம்பா, தாளடி அறுத்த டெல்டா விவசாயிகளுக்கும் ஏற்ற பட்டம் இது. பிப்ரவரி இரண்டாம் வாரம் முதல் மார்ச் முதல் வாரத்துக்குள் விதைப்பை முடித்துவிட வேண்டும்.

பிப்ரவரி 20-ல் 80 நாள் ரகத்தை விதைத்தால் மார்ச் கடைசியில் பூக்கும், மே 11-ல் அறுவடை. கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கும்போது காய்ப்பிடிப்பு முடிந்திருக்கும். மார்ச் 25-ல் விதைத்தால் ஏப்ரல் கடைசியில்தான் பூக்கத் தொடங்கும். காய் பிடிக்கும் மே மாதம் முழுவதும் கடும் வெயில், நடுவில் கோடை மழையும் அடிக்கலாம். அறுவடை ஜூன் 13-க்குப் போய்விடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. டெல்டாவில் குறுவைக்கு உழவேண்டிய வயலில் எள் நிற்கும்.

மார்ச் பத்துக்கு மேல் தள்ளிப்போனால் எள்ளுக்குப் பதில் தக்கைப்பூண்டு, சணப்பை போன்ற பசுந்தாள் பயிர் விதைத்து மடக்கி உழுவது நல்லது. குறுவைக்கு உரச்செலவாவது மிஞ்சும்.

ரகங்கள்

• வி.ஆர்.ஐ. 1: விருத்தாசலத்தில் வெளியிட்டது. 70 முதல் 75 நாள். பட்டம் சற்றுப் பிந்தியவர்களுக்குக் கைகொடுக்கும்.
• எஸ்.வி.பி.ஆர். 1: ஸ்ரீவில்லிபுத்தூரில் வெளியிட்டது. 75 முதல் 80 நாள், வெள்ளை எள். மாசிப் பட்ட இறவைக்கு நன்கு பொருந்தும்.
• டி.எம்.வி. 7: திண்டிவனத்தில் வெளியிட்டது. 80 முதல் 85 நாள், பழுப்பு நிற எள். வேர் அழுகலை ஓரளவு தாங்கும்.
• டி.எம்.வி. 3: இதுவும் திண்டிவனத்து ரகம். 80 முதல் 85 நாள், கருப்பு எள்.
• கோ 1: 85 முதல் 90 நாள், கருப்பு எள். வயது அதிகம் என்பதால் பட்டம் தொடங்கியவுடன் விதைக்க முடிந்தால் மட்டும் தேர்ந்தெடுங்கள்.

மணியின் நிறத்தையும் பார்க்கவேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் கருப்பு, சிவப்பு, வெள்ளை என்று தனித்தனியாகத்தான் விலை வைப்பார்கள். உங்கள் பகுதிச் சந்தையில் எதற்குக் கிராக்கி என்று கேட்டுவிட்டு விதை வாங்குங்கள். கலப்பு விதை போட்டால் நிறமும் கலக்கும், முற்றும் நாளும் கலக்கும். ஒரு பகுதி காய் வெடிக்கும்போது மறு பகுதி பச்சையாக நிற்கும்.

விதைப்பு, செடி கலைத்தல்

ஏக்கருக்கு 2 கிலோ விதையை, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய்யுங்கள். விதை சிறியது என்பதால் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 8 கிலோ காய்ந்த மணலுடன் கலந்து விதைத்தால் சீராக விழும். ஆழமாக மூடக்கூடாது.

விதைத்த 15-ம் நாளில் செடிக்குச் செடி 15 செ.மீ., 30-ம் நாளில் 30 செ.மீ. இருக்கும்படி கலைத்துவிட வேண்டும். நெருக்கமாக நிற்கும் செடி கிளை விடாது. சரியான பட்டத்தில் நல்ல ரகம் விதைத்தும் மகசூல் வராத வயல்களில் பெரும்பாலும் இந்த வேலைதான் விடுபட்டிருக்கும்.

இறவை எள்ளுக்கு விதைத்தவுடன், 7-ம் நாள், 25-ம் நாள், பூக்கும்போது, காய் பிடிக்கும்போது ஒன்றிரண்டு முறை தண்ணீர் போதும். 65 நாளுக்கு மேல் தண்ணீர் கட்டக்கூடாது.

பூவிலை நோய்

பூக்கள் பச்சை இலைபோல் மாறிக் கொத்தாக நிற்பதுதான் பூவிலை நோய். அந்தச் செடியில் காய் வராது. தத்துப்பூச்சி இதைப் பரப்புகிறது. வெயிலும் வறட்சியும் கூடும்போது இந்தப் பூச்சி பெருகும் என்பதால், மாசிப் பட்டத்தில் பிந்தி விதைத்த வயல்கள் கூடுதலாகப் பாதிக்கப்படும். ஆறு வரிசை எள்ளுக்கு ஒரு வரிசை துவரை விதைப்பது நோயைக் குறைக்கும். நோய் கண்ட செடியைப் பார்த்த அன்றே பிடுங்கி அழித்துவிடுங்கள்.

அறுவடை நாள்

அடி இலைகளில் கால் பங்கு உதிர்ந்து, தண்டின் பாதி உயரம் வரை காய்கள் மஞ்சளானதும் தயாராகுங்கள். அடியிலிருந்து பத்தாவது காயைப் பிளந்து பாருங்கள். உள்ளே மணி அந்த ரகத்துக்கு உரிய நிறத்தில் இருந்தால் உடனே அறுக்கலாம். நுனிக்காயும் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வெடித்துவிடும். அறுத்த செடிகளின் நுனி உள்பக்கம் இருக்கும்படி வட்டமாகப் போர் அடுக்கி, வைக்கோலால் மூடி, மூன்று நாள் கழித்து வெயிலில் காயவைத்து உதிர்க்கவேண்டும்.

விதை வாங்கும் முன்

ஒரு தாளில் இந்த மூன்றையும் எழுதுங்கள்: விதைக்கப்போகும் தேதி, ரகத்தின் வயது, காயவைக்கப் பத்து நாள். மூன்றையும் கூட்டினால் வரும் தேதியில் உங்கள் ஊரில் வழக்கமாக மழை பெய்யுமா என்று பாருங்கள். விதைப்புத் தேதியோடு 35 நாளைக் கூட்டினால் பூக்கும் நாள் தெரியும். அதிலிருந்து ஒரு மாதம் கத்திரி வெயிலில் மாட்டுமா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று இடித்தால் ரகத்தை மாற்றுங்கள். ரகம் மாற்றியும் இடித்தால் பயிரையே மாற்றுங்கள். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சான்று பெற்ற விதை இருப்பைப் பட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே கேட்டு வைத்தால், கிடைத்ததை விதைக்கவேண்டிய நிலை வராது.