ஒரு வீடு, மூணு பூனை, பத்தாயிரம் வருஷக் கதை

இந்த வாரக் கதை ஒரு நேயரோட கேள்வியில இருந்து வருது. ஃபிளாட்ல மூணு பூனை. பெருசு, சின்னதைச் சாப்பாட்டுக் கிண்ணத்துக்கிட்ட விடறதில்ல. சின்னது கட்டிலுக்கு அடியிலேயே கிடக்குது, மெத்தையில மூத்திரம் போகுது. வீட்ல "ஒண்ணை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு"ன்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

நாயோட மூதாதை ஓநாய். கூட்டமா வேட்டையாடி, கூட்டமா தின்னும். பூனையோட மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அது தனியா வேட்டையாடும். ஒரு எலியில பங்கு போட என்ன இருக்கு? சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னாடி மேற்கு ஆசியாவுல மனுஷன் தானியம் சேர்த்து வெச்சான். தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவுல ஒரு மனுஷனோட புதைகுழிக்குப் பக்கத்துல, சுமார் 9,500 வருஷம் பழைய பூனை எலும்புக்கூடு கிடைச்சது. அந்தத் தீவுல இயல்பா பூனை கிடையாது. படகுல கொண்டுபோயிருக்காங்க.

நம்ம மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுலயும் ஒரு பூனை ரெண்டு கால்ல நின்னு தவம் பண்ணுது. பக்கத்துல எலிகள். பல்லவச் சிற்பி பார்த்த பூனைக்கும் தொழில் எலிதான்.

அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சி மாதிரி ஊர்ல, ரெண்டு பூனை முறைச்சுக்கிட்டா ஒண்ணு ஓட்டு மேல ஏறிடும், இல்லன்னா வைக்கோல் போருக்குப் பின்னாடி போயிடும். பூனைக்குச் சமாதானம்னா விலகிப் போறதுதான்.

அந்த வழி எப்ப அடைபட்டுச்சு? 1947-ல அமெரிக்காவுல எட் லோங்கிறவர், மணலுக்கும் சாம்பலுக்கும் பதிலா களிமண் துகளைப் பூனைக் கழிவுக்கு விக்க ஆரம்பிச்சார். நாள் முழுக்கப் பூனையை வீட்டுக்குள்ளயே வெச்சுக்கறது அதுக்கப்புறம்தான் சுலபமாச்சு. 10,000 வருஷக் கதையில இது கடைசி 80 வருஷம்கூட இல்ல.

அதனால பெருசை வில்லனாக்காதீங்க. விலகிப் போற வழியைத் திருப்பிக் கொடுங்க. 2024-ல அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் இதுக்குன்னே ஒரு வழிகாட்டி போட்டாங்க. சண்டை எப்பவும் சத்தமா இருக்காது. வெறிச்சுப் பார்க்கறதும், வழி மறிச்சுப் படுக்கறதும்கூட மிரட்டல்தான்.

முதல்ல சின்னதை மருத்துவர்கிட்ட காட்டுங்க, மூத்திரப் பிரச்சினை நோயாவும் இருக்கலாம். கருத்தடை பண்ணலைன்னா பண்ணிடுங்க. கிண்ணங்களை ஒண்ணை ஒண்ணு பார்க்க முடியாத இடத்துல வையுங்க. மூணு பூனைக்கு நாலு மண் தட்டு, வேற வேற மூலையில. உயரத்துல பலகை அடிங்க. சண்டை முத்திப் போச்சுன்னா கொஞ்ச நாள் தனித்தனி அறை. ஒண்ணு படுத்த துணியை இன்னொண்ணுக்குப் போடுங்க, மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு வையுங்க, மெதுவா கதவைத் திறங்க. அடிக்காதீங்க, பயம் கூடும்.

இதுக்கு வாரக்கணக்கு ஆகலாம். மூணும் கட்டிப்பிடிச்சுத் தூங்கணும்னு இல்ல. ஒரே கூரைக்குக் கீழ பயமில்லாம சாப்பிட்டாலே போதும். தெருவுல விட்டா சின்னதுக்கு அதுவும் கிடைக்காது.