கையாடல் வழக்கும் ஓராண்டுக் கோடும்

1799இல் லண்டன் வங்கி ஒன்றில் காசாளராக இருந்த ஜோசப் பேஸ்லி என்பவர், வாடிக்கையாளர் கட்டிய பணத்திலிருந்து 100 பவுண்டு நோட்டு ஒன்றை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். வாடிக்கையாளரின் கணக்கில் முழுத் தொகையையும் வரவு வைத்துவிட்டதால் நட்டம் வங்கியோடு போயிற்று. ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். வழக்கு நீதிபதிகளின் ஆலோசனைக்குப் போனபோது, இது திருட்டு ஆகாது என்று முடிவாயிற்று. அந்த நோட்டு வங்கியின் பெட்டிக்குள் விழவே இல்லை. வங்கியின் கைவசம் வராத ஒன்றை வங்கியிடமிருந்து எப்படித் திருட முடியும் என்பது அவர்கள் கேட்ட கேள்வி. பேஸ்லி தப்பினார். அதே ஆண்டிலேயே இங்கிலாந்து நாடாளுமன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டு, முதலாளிக்காக வாங்கிய பணத்தைச் சுருட்டும் ஊழியனையும் குற்றவாளியாக்கியது.

மதுரையில் சிறு கடைக்காரர்களின் கையாடல் வழக்குகளோடு என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது. என் அப்பா கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எனவே பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவரின் பக்கமும் எனக்குத் தெரியும், அவரை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும் அண்ணாச்சியின் பக்கமும் தெரியும். இந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுப்பதற்கு வாய்தாவையும் வக்கீலையும் குறை சொல்வார்கள். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் தாமதத்தின் வேர் சட்டம் எழுதப்பட்ட விதத்திலேயே இருக்கிறது. அதன் வரலாற்றைப் பார்த்தால்தான் அது புரியும்.

1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், பேஸ்லி வழக்கின் ஓட்டையை நன்றாகவே அடைத்தது. பொருள் யார் கைவசம் இருந்தது என்ற பழைய கேள்வியை விட்டுவிட்டு, நம்பி ஒப்படைக்கப்பட்டதா என்று கேட்டது. 405ஆம் பிரிவு நம்பிக்கை மோசடியை விளக்கியது. குமாஸ்தாவோ வேலையாளோ அதைச் செய்தால் 7 ஆண்டு வரை சிறை என்று 408ஆம் பிரிவு சொன்னது. 405க்குக் கொடுக்கப்பட்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று, தில்லிக்காரர் ஒருவர் கல்கத்தாவில் இருக்கும் தன் முகவருக்கு 1 லட்சம் ரூபாய் அனுப்புவதாகப் போகிறது. அப்படிப்பட்ட வியாபாரத்தில் ஒப்படைப்புக்குக் கடிதம் இருக்கும், உத்தரவு இருக்கும். நம் மண்டியில் என்ன இருக்கும்? "பெட்டியைப் பாத்துக்கப்பா" என்ற ஒரு வாய்வார்த்தை. நியமனக் கடிதம் இல்லை, சம்பளப் பதிவேடு இல்லை. அவர் உங்கள் ஊழியர்தானா, பணம் வாங்கும் பொறுப்பு அவரிடம் இருந்ததா என்று எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்விக்கே பல வாய்தாக்கள் போய்விடும்.

அடுத்தது ஓராண்டுக் கோடு. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஒரே வகைக் குற்றங்களில் மூன்றை மட்டுமே, அவையும் 12 மாதங்களுக்குள் நடந்திருந்தால் மட்டுமே, ஒன்றாக விசாரிக்கலாம் என்றது. சென்னை மாகாணத்திலிருந்து போன சுப்பிரமணிய ஐயர் வழக்கில் 1901இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அது கையாடல் வழக்கு அல்ல. பணம் பறித்த வழக்கு. இரண்டு ஆண்டுகளில் நடந்த 41 செயல்களை ஒரே விசாரணையில் அடுக்கிவிட்டார்கள். இது திருத்திக்கொள்ளக்கூடிய சிறு பிழை இல்லை, விசாரணையே செல்லாது என்றது பிரிவி கவுன்சில். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு குற்றங்களை மொத்தமாகக் கட்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுவர அரசு வழக்கறிஞர்கள் பயப்பட வேண்டியிருந்தது.

நம்பிக்கை மோசடிக்கு மட்டும் அதே 1898 சட்டம் ஒரு சலுகை தந்தது. எந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தான் என்று பிரித்துச் சொல்ல வேண்டாம், மொத்தத் தொகையைச் சொன்னால் போதும், அது ஒரே குற்றமாகக் கொள்ளப்படும். ஆனால் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் போகக் கூடாது. கணக்குப்பிள்ளை ஒரே நாளில் பெட்டியைக் காலி செய்துவிட்டு ஓடுபவர் அல்ல. அவர் தினமும் கொஞ்சம் எடுப்பார். முந்தின நாள் குறையை அடுத்த நாள் வசூலால் மறைப்பார், பல ஆண்டுகளுக்கு.

நான் நடத்திய ஒரு ஜவுளிக் கடை வழக்கில் நான்கு ஆண்டுச் சுருட்டல் நான்கு வழக்குகளாகப் பிரிந்தது. அதே முதலாளி, அதே தணிக்கையாளர், நான்கு முறை கூண்டேற வேண்டும். மூலப் பேரேடு ஒன்றுதான். அது முதல் வழக்கில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டு அங்கே கிடந்தது. மற்ற மூன்றும் அதற்காகக் காத்திருந்தன. இடையில் கையெழுத்து ஒப்பீட்டுக்காகச் சிட்டைகள் தடய அறிவியல் துறைக்குப் போயின. அவை திரும்பி வருவதற்குள் கடையின் பழைய விற்பனையாளர்கள் இருவர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். சாட்சிக்கு ஆள் இல்லை. முதலாளி கடைசியில் என்னிடம் வந்து, "சார், போதும்" என்றார். அந்த மனிதரின் முகத்தில் இருந்த களைப்பை எந்தத் தீர்ப்பும் ஈடு செய்திருக்காது.

கணக்குப் புத்தகத்துக்குச் சட்டம் தரும் மதிப்பும் இதில் சேர்கிறது. 2024 ஜூன் வரை நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னபடி, ஒழுங்காக எழுதப்பட்ட கணக்கு ஏற்கத்தக்கதுதான். ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது. அது நியாயமான விதி. முதலாளியே பொய்க்கணக்கு எழுதி ஏழைக் குமாஸ்தாவைச் சிக்கவைக்க முடியும் அல்லவா? என் அப்பா போன்றவர்களுக்கு அது அரண். ஆனால் கையாடல் வழக்கில் கணக்கை எழுதியவரே குற்றம் சாட்டப்பட்டவர். பொய்க்கணக்கு எழுதுவதைத் தனிக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 477ஏ பிரிவு 1895இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பொய் வரவையும் ரசீதோடும் வாடிக்கையாளரின் வாய்மொழியோடும் ஒப்பிட்டுக் காட்டியாக வேண்டும். சில்லறைக் கடையில் ரசீதை யார் பத்திரமாக வைக்கிறார்கள்?

நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடை நடத்திய காலத்து முறையை இங்கே நினைக்கிறேன். முகவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குப் போவார். தவணை முடிந்ததும் பெட்டியையும் பேரேட்டையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். வாங்கிக்கொள்பவர் கணக்கைச் சரிபார்க்காமல் கையேற்க மாட்டார். குறை தன் தலையில் விழும். இந்த ஒப்படைப்பு நம் மண்டிகளில் இல்லை. பெட்டி, சிட்டை, பேரேடு மூன்றும் ஒரே ஆளிடம். ஒரு நாள்கூட லீவு எடுக்காத கணக்குப்பிள்ளையை விசுவாசி என்று முதலாளிகள் புகழ்வதைக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்த வழக்குகளில் பல அப்படிப்பட்டவர் காய்ச்சலில் படுத்த வாரத்தில்தான் வெளிவந்தன.

வெளிவந்த பிறகும் முதலாளி நேரே காவல் நிலையத்துக்குப் போவதில்லை. சொந்தக்காரப் பையன், ஊர்க்காரர் மகன், கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவர். பேசி, அழுது, முத்திரைத்தாளில் எழுதி வாங்குவார். தவணை இரண்டு வரும், பிறகு வராது. புகார் கொடுக்கப் போனால் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது கடன் விவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொன்னது. ஆனால் வணிகக் குற்றங்களுக்கும், காரணமில்லாமல் 3 மாதத்துக்கு மேல் தாமதித்து வரும் புகார்களுக்கும் முன்விசாரணை நடத்தலாம் என்று அதே தீர்ப்பு இடம் கொடுத்தது. பேசிப் பார்த்த மாதங்கள் இப்படித் திரும்பி முதலாளியையே அடிக்கின்றன.

2024 ஜூலை 1 முதல் 408க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(4) வந்திருக்கிறது. தண்டனை அதே 7 ஆண்டு. புதிய நடைமுறைச் சட்டத்தில், சேர்த்து விசாரிக்கக்கூடிய குற்றங்களின் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்தாகியிருக்கிறது. 1898இல் போட்ட ஓராண்டுக் கோடு அழிக்கப்படவில்லை. தொடர்ச்சியான கையாடலுக்காவது அதை நீக்கியிருக்க வேண்டும். ஒரே பெட்டி, ஒரே ஆள், ஒரே வழிமுறை என்றால் ஒரே விசாரணை போதும். அதனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நீதி சீக்கிரம் கிடைக்கும்.

அதுவரை கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இது: பணத்தைத் திரும்பப் பெறக் குற்ற வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்காதீர்கள். உரிமையியல் வழக்குக்குப் பொதுவான காலவரையறை, கையாடல் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு. குற்ற வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அந்தக் கெடு நிற்காது. சொத்தைக் கைமாற்றிவிடுவார் என்ற அச்சம் இருந்தால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்டு மனுப் போடலாம்.