ஓர் அரங்கு, பல கால்தடங்கள்



நம் கிளப்ஹவுஸின் பல்நோக்கு அரங்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலையில் யோகா, மாலையில் ஷட்டில், நவராத்திரிக்குக் கொலு, ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுப் பிறந்தநாளோ. தரை ஒன்றுதான், அன்றன்றைக்கு அதில் நிற்கும் ஆள்தான் மாறுகிறார். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு வாங்குவது என்பதற்காக நம் வாட்ஸ்அப் குழு எத்தனை இரவுகள் விழித்திருந்தது என்பது உங்களுக்கே தெரியும். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: நம் வீடுகளில் வேலை செய்ய வருவோரின் பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் அங்கே ஷட்டில் ஆடலாமா? அடுத்த பொதுக்குழுவில் அது விவாதத்துக்கு வருகிறது.

அதற்கு முன்பு, வெகு தொலைவில் இருக்கும் வேறொரு பல்நோக்கு அரங்கின் கதையைச் சொல்கிறேன். படித்துவிட்டுப் பொதுக்குழுவுக்கு வாருங்கள்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் காலேஜ் பார்க் என்ற ஊர். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் அங்கேதான் இருக்கிறது. கூடைப்பந்து பார்க்க வந்த கூட்டத்துக்குப் பழைய ரிட்சி கொலீசியம் போதவில்லை. எனவே 1955 டிசம்பரில் ஒரு பெரிய அரங்கைத் திறந்தார்கள். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுத் தலைவராக இருந்த நீதிபதி வில்லியம் கோல் என்பவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். முழுப் பெயரில் 'மாணவர் செயல்பாட்டுக் கட்டடம்' என்ற சொற்களும் உண்டு. ஆனால் மக்கள் வாயில் அது என்றைக்கும் 'கோல் ஃபீல்டு ஹவுஸ்'தான்.

பார்வையாளரின் கண்ணை மறைக்க நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. மேலே பெரிய வளைவுக் கூரை. வாசலுக்குள் நுழைந்தால் ஆடுகளம் உங்கள் கால் மட்டத்துக்குக் கீழே, பள்ளத்தில் தெரியும். இருக்கை வரிசைகள் அதை நோக்கிச் சரிந்து இறங்கும். தொடக்கத்தில் சுமார் 12,000 பேர் உட்காரலாம். பட்டமளிப்பு விழா, இசை நிகழ்ச்சி, விளையாட்டு எல்லாமே அங்கேதான். கட்டடத்துக்குள் நீச்சல் குளம்கூட இருந்தது.

இவ்வளவு பெரிய வாசல் யாருக்குத் திறந்தது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். மேரிலாந்து, நிறப் பிரிவினையைச் சட்டமாகவே வைத்திருந்த மாநிலம். அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் ஒரு கறுப்பின மாணவர் சேர நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 1936இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். காலேஜ் பார்க் வளாகம் இளநிலைப் படிப்பில் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது 1951இல்தான். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். அதற்கு அடுத்த ஆண்டு இந்த அரங்கு திறந்தபோது களத்தில் இறங்கிய மேரிலாந்து கூடைப்பந்து அணியில் எல்லோரும் வெள்ளையர்களே. அதன் பிறகும் பத்து ஆண்டுகள் அப்படியே போயின.

ஆனால் அரங்கை வாடகைக்கு விட்டார்கள் அல்லவா? அங்கேதான் கதை திரும்புகிறது.

1965 ஜனவரியில் இரண்டு பள்ளி அணிகள் இந்த அரங்கில் மோதின. நியூயார்க்கின் பவர் மெமோரியல் பள்ளி தொடர்ந்து 71 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் வந்திருந்தது. அந்த அணியில் ஏழடிக்கு மேல் உயரமுள்ள ஒரு பையன் இருந்தான். பெயர் லூ ஆல்சிண்டர். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகமே அறிந்த வீரர். எதிரணி, உள்ளூர்ப் பகுதியைச் சேர்ந்த டிமாத்தா பள்ளி. அவனுடைய உயரத்தைச் சமாளிக்க, பயிற்சியில் டென்னிஸ் மட்டையைத் தூக்கிப் பிடித்து நிற்க வைத்து, அதற்கு மேலே பந்தை எறிந்து பழகினார்கள். டிமாத்தா 46–43 என்று வென்றது. பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க 12,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் பில்லி ஜோன்ஸ் என்ற மாணவர் மேரிலாந்து சீருடையில் களமிறங்கினார். மேரிலாந்து ஆடிய அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பிலேயே முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரர் அவர். அந்தக் கூட்டமைப்பின் முதல் கறுப்பின அமெரிக்கக் கால்பந்து வீரரும் இதே பல்கலைக்கழகத்தவர்தான்: 1963இல் ஆடிய டேரில் ஹில். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் திரும்ப வருவார்கள்.

1966 மார்ச் 19. தேசியக் கல்லூரிக் கூடைப்பந்து இறுதிப் போட்டி, கோல் ஃபீல்டு ஹவுஸில். 14,000 பேருக்கு மேல் கூட்டம். ஒரு பக்கம் நாட்டின் முதலிட அணியான கென்டக்கி. பயிற்சியாளர் அடால்ஃப் ரப். வீரர்கள் எல்லோரும் வெள்ளையர். கென்டக்கி ஆடிய தென்கிழக்குக் கூட்டமைப்பில் அன்று ஒரு கறுப்பினக் கூடைப்பந்து வீரர்கூட இல்லை. மறுபக்கம் எல் பாசோ என்ற எல்லை நகரிலிருந்து வந்த டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி. பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ். அவர் முதலில் இறக்கிய ஐந்து பேரும் கறுப்பினத்தவர். இறுதிப் போட்டி ஒன்றில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. மாற்று வீரராக வந்த இருவரும் கறுப்பினத்தவர்களே.

முதல் பாதியில் டெக்சஸ் வெஸ்டர்னின் பாபி ஜோ ஹில், எதிரணியின் கையிலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை பந்தைப் பறித்து, ஓடிப்போய்க் கூடையில் போட்டார். ஆட்டம் அங்கேயே சாய்ந்தது. முடிவு 72–65. கறுப்பின வீரர்கள் மட்டுமே ஆடினால் அணி தடுமாறும், வழிநடத்த ஒரு வெள்ளையராவது வேண்டும் என்று பேசித் திரிந்தவர்களுக்கு அந்த எண்ணே பதில். தான் எந்தக் கொள்கைக்காகவும் அப்படிச் செய்யவில்லை, இருந்தவர்களில் சிறந்தவர்களை ஆடவிட்டேன், அவ்வளவுதான் என்று ஹாஸ்கின்ஸ் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. மறு ஆண்டே தென்கிழக்குக் கூட்டமைப்பில் முதல் கறுப்பின வீரர் களமிறங்கினார். கென்டக்கி தன் முதல் கறுப்பின வீரரைச் சேர்த்தது 1969இல்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த அரங்கின் வரலாற்றிலேயே மிகப் பெரிய அந்த இரவில், அரங்கின் சொந்த அணி ஆடவே இல்லை. மண்டபம் ஒருவருடையது, கல்யாணம் வேறொருவருடையது. ஆனாலும் ஊர் நினைவு வைத்திருப்பது அந்தக் கல்யாணத்தைத்தான்.

கதை அதோடு நிற்கவில்லை. 1972 ஏப்ரலில் சீனாவின் மேசைப்பந்து அணி அதே தரையில் மேசை போட்டு அமெரிக்கர்களுடன் ஆடியது. இரு நாடுகளும் இருபது ஆண்டுகளுக்கு மேல் முகம் கொடுத்துப் பேசாதவை. முந்தைய ஆண்டு அமெரிக்க அணி சீனா போனது. 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சனே போனார். அதற்குப் பதில் வருகைதான் இது. நிக்சனின் மகள் டிரிசியா பார்வையாளர் வரிசையில் இருந்தார். 1974 செப்டம்பரில் எல்விஸ் பிரெஸ்லி இரண்டு இரவுகள் பாடினார். 1975 ஜனவரியில், பென்சில்வேனியாவின் சின்னஞ்சிறு பெண்கள் கல்லூரியான இமாக்குலேட்டா, இங்கே மேரிலாந்து பெண்களை 80–48 என்று வென்றது. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் அது. சொந்த அணி தோற்ற நாள்தான். வரலாற்றில் நின்றதும் அந்த நாள்தான்.

2002இல் மேரிலாந்து ஆண்கள் அணி இங்கே தன் கடைசி ஆட்டத்தை ஆடியது. அடுத்த சில வாரங்களில் தேசிய சாம்பியன் பட்டத்தையும் வென்றது. பிறகு அருகிலேயே கட்டிய புதிய, பெரிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. பழைய கட்டடத்தை அவர்கள் இடித்துத் தள்ளவில்லை. வளைவுக் கூரையை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த ஆடுகளத்தையும் இருக்கைகளையும் எடுத்துவிட்டு, அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சிக் களமாக மாற்றினார்கள். 2017இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. 2021இல் பெயரும் மாறியது. இன்று அதன் பெயர் ஜோன்ஸ்-ஹில் ஹவுஸ். பில்லி ஜோன்ஸ், டேரில் ஹில். ஆட்சிக் குழுத் தலைவரின் பெயர் இருந்த சுவரில், முதன்முதலாக உள்ளே வந்த இரண்டு மாணவர்களின் பெயர்.

நம் அரங்கில் 12,000 பேர் உட்கார முடியாது. இருநூறு நாற்காலி போட்டாலே மூச்சு முட்டும். தேசிய இறுதிப் போட்டி எதுவும் இங்கே வரப்போவதில்லை. பராமரிப்புக் கட்டணம், பாதுகாப்பு, நேரக் கட்டுப்பாடு என்று உங்களில் பலர் எழுப்பும் கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்கு விதிமுறை எழுதலாம்: எந்த நேரம், யார் பொறுப்பு, ஷட்டில் நெட்டை யார் கழற்றி வைப்பது என்பது வரை.

ஆனால் விதிமுறை எழுத உட்காரும்போது இந்தக் கதையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். அந்த அரங்கு நினைவில் நிற்பதற்குக் காரணம், அது தன் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்த நாட்கள் அல்ல. என் வாக்கு எது என்று மறைக்க விரும்பவில்லை: பிள்ளைகள் ஆடட்டும். உங்கள் வாக்கு வேறாக இருந்தாலும், பொதுக்குழுவுக்கு அவசியம் வாருங்கள். கொலுவுக்கும் பிறந்தநாளுக்கும் நாம் கூடும் அதே அரங்கில்தான் கூட்டமும் நடக்கப்போகிறது.