செங்கற்பட்டு ஊசியும் ஜீன் நீக்கிய சுண்டெலியும்

நம் கல்லூரி நண்பர்களில் பலருக்கு இடது தோளில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். பி.சி.ஜி. ஊசி போட்ட அடையாளம். காசநோய் வராமல் காக்கும் என்று போட்டார்கள். விலங்கியல் படித்தவன் என்ற முறையில், அந்தத் தழும்பின் கதையையும் ஒரு சுண்டெலியின் கதையையும் சேர்த்துச் சொல்ல ஆசை.

கிண்டியில் 1948-லேயே பி.சி.ஜி. தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1955-ல் ராஜாஜி அதை எதிர்த்துப் புத்தகமே போட்டார். சோதனைச்சாலை விலங்குகளிடம் ஊசி வேலை செய்தது. இங்கிலாந்துப் பிள்ளைகளிடமும் நல்ல பலன். சரி, நம்ம ஜனங்களுக்கு? அதை அறியத்தான் 1968-ல், நம் பூந்தமல்லிக்கு மேற்கே, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் ஒரு மாபெரும் பரிசோதனை தொடங்கியது. 2,80,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

1979-ல் வந்த முடிவு உலகத்தையே திடுக்கிட வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவே இல்லை! 15 ஆண்டுத் தொடர் கவனிப்புக்குப் பிறகு 1999-ல் வெளியான அறிக்கையும் அதையேதான் சொன்னது. (பச்சைக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதால் இன்றும் ஊசி போடுகிறார்கள். அதை நிறுத்திவிடாதீர்கள்.)

ஏன் தடுக்கவில்லை? முதலில், காசநோய்க் கிருமியை உடம்பு எதை வைத்து அடக்குகிறது என்று தெரிய வேண்டும். இங்கேதான் சுண்டெலி வருகிறது. கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவரும் 1980-களில் வகுத்த வழி இது: கருவின் மூல செல்லில் ஒரே ஒரு ஜீனை மட்டும் கெடுத்து, அந்தச் செல்லை இளங்கருவில் சேர்த்து, தாய் எலியின் கருப்பையில் வளர்த்து, பிறக்கும் குட்டிகளைத் தலைமுறையாய் இனம் சேர்த்தால், அந்த ஜீனே இல்லாத எலி கிடைக்கும். 'நாக்-அவுட்' எலி என்பார்கள். 2007-ல் மூவருக்கும் நோபல் பரிசு.

1993-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளுக்கான ஜீனை நீக்கிய எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைச் செலுத்தினார்கள். சாதாரண எலி மாதக்கணக்கில் தாங்கும் நோய்க்கு இவை மளமளவென்று பலியாயின. எலி சமாச்சாரம்தானே என்று விட்டுவிட முடியவில்லை. 1996-லேயே, அந்தப் பொருளை உணரும் ஏற்பி பழுதான குழந்தைகளைக் கண்டுபிடித்தார்கள். அதில் துனீசியக் குழந்தை ஒன்று, நமக்கெல்லாம் தழும்போடு போன அதே பி.சி.ஜி. கிருமியாலேயே இறந்திருந்தது.

ஆனாலும் எலி மேல் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. வழக்கமான சோதனைச்சாலை எலிக்கு, மனிதருக்கு வருவதுபோல் நுரையீரலில் குழி விழுவதில்லை. அது வளர்வதோ சுத்தமான கூண்டில். திருவள்ளூர்ப் பிள்ளை மண்ணிலும் குளத்துத் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் பங்காளிகளோடு புழங்கியே வளர்கிறது. ஊசி பலிக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு ஜீன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எலி சொல்லிவிடும். ஊசி திருவள்ளூரில் பலிக்குமா என்ற கேள்விக்கு, கையை நீட்டிய அந்த ஜனங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.