உடலுக்கு வெளியே ஓடும் குருதி

சென்ற தவக்காலத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், பங்கைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் தம் மனைவியைத் தேடிக் கோவிலுக்கு வந்தார். இடக்கை விரலில் பனியன் துணி சுற்றியிருந்தது. துணி முழுவதும் சிவந்திருந்தது. பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பல ஆண்டுகளாகக் கட்டிங் வேலை செய்பவர் அவர். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துபோனதால், வாரம் மூன்று முறை கோவைக்குப் பேருந்தில் சென்று டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். அன்றும் சிகிச்சை முடிந்து திரும்பியவர், ஆர்டர் அவசரம் என்று நேரே கட்டிங் மேசைக்குப் போய்விட்டார். கத்தி பட்டது சிறு கீறல்தான்.

“அரைமணி நேரமா ரத்தம் நிக்கவே மாட்டீங்குதுங்க சாமி. மெஷின்ல ஏதோ மருந்து போடறாங்களே, அதுனாலங்களா?” என்று கேட்டார்.

விரலை அழுத்திப் பிடித்தபடி அருகிலிருந்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருத்துவர் கட்டுப்போட்டுவிட்டு, “பாதி காரணம் அந்த மருந்து, பாதி காரணம் நோய். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இரத்தத் தட்டணுக்களும் சரியாக வேலை செய்வதில்லை” என்றார். அன்றிரவு அந்தச் சகோதரரின் கேள்வி என்னை விடவில்லை. நம் பங்குகள் ஒவ்வொன்றிலும் இன்று டயாலிசிஸ் செய்துகொள்வோர் இருக்கிறார்கள். அவர்களுடைய குருதி உடலைவிட்டு வெளியே சென்று திரும்புவது எப்படி? அதற்காக அவர்கள் பெறும் மருந்து எது? இவற்றை அறிந்துகொள்ள முயன்றபோது எனக்குக் கிடைத்ததே இவ்வரலாறு.

குருதியின் இயல்பு விந்தையானது. நாளங்களுக்குள் ஓடும்வரை அது நீர்மம். நாளம் கிழிந்தாலோ, அந்நியமான பரப்பைத் தொட்டாலோ, உடனே உறையத் தொடங்கிவிடுகிறது. ஃபைப்ரின் என்னும் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று பின்னி, நம் ஊர்ப் பின்னல் துணியைப்போல் ஒரு வலையாகிக் காயத்தை அடைக்கின்றன. படைப்பில் நமக்கு அளிக்கப்பட்ட இப்பாதுகாப்பு இல்லையேல் ஒரு முள் குத்தியே மனிதன் மடிந்துபோவான். ஆனால், குருதியை ஒரு குழாய் வழியே வெளியே எடுத்துத் தூய்மைப்படுத்தித் திருப்பி அனுப்ப விரும்பிய மருத்துவருக்கு இதே பாதுகாப்புத்தான் பெருந்தடையாயிற்று. உடலைக் காக்கும் அரணைச் சிறிது நேரம் திறந்து வைத்தாலன்றி உள்ளே சென்று உதவ இயலாது என்ற நிலை.

முதல் திறவுகோலைத் தந்தது அட்டை. நம் நாட்டு வைத்தியர்களும் அறிந்திருந்த உயிர் அது. கடித்த இடத்தில் குருதி உறையாதபடி அட்டை சுரக்கும் பொருளைப் பிரித்தெடுத்து, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஏபெல் என்பவரும் அவருடைய தோழர்களும் 1913இல் விலங்குகளின் குருதியை உடலுக்கு வெளியே குழாய்களில் ஓடவிட்டு வடிகட்டினர். ஆனால் அட்டைச் சாறு தூய்மையற்றது, நஞ்சாகவும் மாறக்கூடியது.

அதே பல்கலைக்கழகத்தில் 1916இல் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், குருதியை உறையச் செய்யும் பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஈரலிலிருந்து அவர் பிரித்தெடுத்த பொருளோ குருதியை உறையவிடாமல் தடுத்தது. அவருடைய ஆசிரியர் ஹோவெல் 1918இல் இத்தகைய பொருளுக்கு, ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, ஹெப்பாரின் என்று பெயரிட்டார். இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட சார்லஸ் பெஸ்ட்டின் குழு கனடாவின் டொரன்டோ நகரில் அதைத் தூய்மைப்படுத்திய பின்னரே, 1930களின் நடுவில், மனிதருக்கு அச்சமின்றிக் கொடுக்கும் நிலை வந்தது. இன்று உலகெங்கும் பயன்படும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது.

இம்மருந்தின் துணையோடு செயற்கைச் சிறுநீரகத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் நெதர்லாந்து நாட்டின் வில்லெம் கோல்ஃப். ஜெர்மானியப் படைகள் அந்நாட்டைப் பிடித்துவைத்திருந்த 1943இல், காம்பன் என்ற சிற்றூர் மருத்துவமனையில், இறைச்சி அடைக்கும் செல்லோஃபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றித் தம் கருவியை அமைத்தார். அக்கருவியில் சிகிச்சை பெற்ற முதல் நோயாளிகள் ஏறத்தாழ அனைவரும் இறந்தனர். 1945 செப்டம்பரில் ஒருவர் பிழைத்தார். அவர் யார்? 67 வயதான பெண்மணி. எதிரிகளோடு ஒத்துழைத்த குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர். “இவள் பிழைத்து என்ன?” என்று நினைத்தவர்கள் அவ்வூரில் பலர் இருந்தனர். நோயாளியின் தகுதியை மருத்துவர் எடைபோடவில்லை. நல்ல சமாரியன் உவமையை ஆண்டுதோறும் மறையுரையில் விளக்கும் எனக்கு, இந்நிகழ்ச்சியைப் படித்தபோது சற்றே வெட்கமாக இருந்தது.

சிறுநீரகத்தின் வேலையைக் கருவி செய்ய இயலுமானால், இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் செய்ய இயலாதா? நுரையீரல் நாளத்தில் உறைந்த குருதி அடைத்துப் பெண் ஒருவர் இறப்பதை 1930களின் தொடக்கத்தில் இரவெல்லாம் அருகிலிருந்து கண்ட ஜான் கிப்பன் என்ற இளம் மருத்துவர், இக்கேள்வியைத் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் மனைவி மேரியின் துணையோடு உழைத்து, 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 18 வயதுப் பெண்ணின் இதயச் சுவரிலிருந்த துளையை மூடினார். 26 நிமிடங்கள் அப்பெண்ணின் உயிரைக் கருவியே தாங்கியது. அந்த வெற்றி நாளிலும் ஹெப்பாரின் அளவு போதாமல் கருவிக்குள் குருதி உறையத் தொடங்கிவிட்டது என்பதை இங்கே குறிக்கவேண்டும். கருவி எத்துணைச் சிறப்பாயினும், மருந்தின் அளவு தவறினால் எல்லாம் வீண்.

ஆகவேதான் அறுவை அரங்கில் இன்று ஒவ்வொரு துளியும் கணக்கிடப்படுகிறது. இதய அறுவையின்போது உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 300 முதல் 400 அலகு வரை ஹெப்பாரின் செலுத்துவது வழக்கம். பின்னர் சிறிதளவு குருதியை எடுத்து, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்ப்பார்கள். ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் உறையவேண்டியது, எட்டு நிமிடத்துக்கு உறையாதிருக்கும்போதுதான் கருவியை ஓடவிடுவார்கள். அறுவை முடிந்ததும் புரோட்டமின் என்ற மாற்றுமருந்தை மெதுவாகச் செலுத்தி ஹெப்பாரினை முறிப்பார்கள். சால்மன் மீனின் விந்திலிருந்து கிடைத்த புரதம் அது. விரைவாகச் செலுத்தினால் அதுவே இரத்த அழுத்தத்தைக் குப்புறத் தள்ளிவிடும். கட்டுவதற்கு ஒரு மருந்து, கட்டவிழ்ப்பதற்கு ஒரு மருந்து, இரண்டுக்கும் அளவு. கருவியருகே கண்ணிமைக்காமல் அமர்ந்து இவ்வளவையும் கவனிப்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட் எனப்படும் தொழில்நுட்பர். பிழைத்தெழுந்த நோயாளி பெரும்பாலும் அவர் பெயரை அறிவதில்லை.

இக்கலை தமிழகத்துக்கும் விரைவிலேயே வந்துசேர்ந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1961இல் திறந்த இதய அறுவையை வெற்றியாக நடத்தி இந்தியாவுக்கு வழிகாட்டியது. 1971இல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றும் அங்கேயே நிகழ்ந்தது. 1975இல் சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன், இதய நாள அடைப்புக்கான பைபாஸ் அறுவையை இந்தியாவில் முதன்முறையாகச் செய்தார். இன்று மாவட்டத் தலைநகர்களிலும் டயாலிசிஸ் நடைபெறுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்கு அச்செலவில் தோள்கொடுக்கிறது. கோல்ஃபின் உருளை இருந்த இடத்தில் இன்று கைக்கடக்கமான ஒரு குழல். அதனுள் ஆயிரக்கணக்கான உள்ளீடற்ற நூலிழைகள். ஒவ்வோர் இழையினுள்ளும் குருதி, வெளியே கழுவும் நீர். நூலால் வாழும் நம் ஊர் மக்களை நூலே வாழவைக்கிறது!

மருந்தின் அளவு மட்டுமன்று, அதன் தூய்மையும் உயிர்ப்பிரச்சினையே. 2008இல் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலர் ஊசி ஏறிய சில நிமிடங்களில் மூச்சுத்திணறித் துடித்தனர். ஆராய்ந்தபோது, சீனாவிலிருந்து வந்த ஹெப்பாரின் மூலப்பொருளில் விலைமலிந்த வேறொரு பொருள் கலந்திருந்தது வெளிப்பட்டது. பல உயிர்கள் அதனால் போயின. இலாபத்துக்காக எங்கோ ஒருவர் செய்த கலப்படம், கடல் கடந்து ஒரு படுக்கையில் கிடந்தவரின் நாளத்தில் ஏறியது.

அண்மைக் காலத்தில் நம் மக்கள் நாவில் புழங்கும் சொல் எக்மோ. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கும், 2020இல் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கும் இக்கருவி பொருத்தப்பட்டபோது தமிழகமே அச்சொல்லைக் கற்றுக்கொண்டது. இருவரும் பிழைக்கவில்லை. எனவே எக்மோ என்றாலே முடிவு என்று எண்ணுவோர் உளர்; அது சரியன்று. 1975இல் கலிஃபோர்னியாவில், தாய் விட்டுச்சென்ற பச்சிளங்குழந்தை ஒன்றை டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் இதே முறையால் காப்பாற்றினார். செவிலியர் அதற்கு எஸ்பெரான்சா என்று பெயரிட்டனர். ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்பது அதன் பொருள். எக்மோ நோயைக் குணமாக்குவதில்லை. உறுப்புகள் தேறுவதற்கு நாள்களையும் வாரங்களையும் வாங்கித் தருகிறது. அந்நாள்களிலெல்லாம் ஹெப்பாரின் கூடினால் மூளையில் குருதி கசியும்; குறைந்தால் கருவி அடைத்துக்கொள்ளும். போதாததற்கு, வலியைத் தணிக்கவும் உறங்கவைக்கவும் கொடுக்கும் மருந்துகளில் ஒரு பகுதியைக் குழாய்களே உறிஞ்சிக்கொள்வதால் அவற்றின் அளவையும் மாற்றிக் கணக்கிடவேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதும் ஓர் அளவுதான். 1957 நவம்பரில் மருத்துவர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளும் கடமை நமக்குண்டு என்றும், மிகைச் சுமையான வழிகளுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை என்றும் தெளிவுபடுத்தினார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நோயிற்பூசுதலுக்காக நான் நின்ற வேளைகளில், “நாங்க நிறுத்தச் சொன்னா பாவமா சாமி?” என்று கேட்ட கண்களுக்கு இப்போதனை ஆறுதல் தந்ததைக் கண்டிருக்கிறேன்.

விரல் ஆறிய பின் அந்தச் சகோதரர் மீண்டும் வந்தார். சில செய்திகளை அவரிடம் சொன்னேன். மருத்துவர் சொன்னவையே அவை. டயாலிசிஸ் செய்த அன்று கத்தி பிடிக்கும் வேலை வேண்டாம்; ஹெப்பாரின் வேகம் அடங்கச் சில மணி நேரம் ஆகும். பல் பிடுங்குவதானாலும், வேறு எந்த ஊசி மருந்தானாலும், டயாலிசிஸ் செய்பவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்; சில மருந்துகளைக் கருவி கழுவிவிடும், சில உடலிலேயே தங்கிவிடும். ஊசி ஏறும் கையில் பாரம் தூக்கலாகாது. இரத்த அழுத்தம் பார்க்கவும் விடலாகாது.

அவர் தயங்கினார். “சொன்னா வேலைக்கு வேண்டாம்னுருவாங்களோன்னுதான் கம்பெனில சொல்லலீங்க” என்றார். அவருடைய நோயைவிட அந்த அச்சம் எனக்குக் கனமாகத் தெரிந்தது. மறுவாரம் நாங்கள் இருவருமாகச் சென்று அவருடைய மேற்பார்வையாளரிடம் பேசினோம். சிகிச்சை நாள்களில் துணி மடித்து அடுக்கும் வேலை என்று முடிவாயிற்று. நூறாண்டு உழைத்து அறிவியலார் கண்ட அளவு ஒருபுறம் இருக்க, அருகிலிருப்பவர் காட்டவேண்டிய அளவும் ஒன்றுண்டு. உங்கள் பங்கிலும், உங்கள் கம்பெனியிலும் கையில் கட்டோடு ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.