மதுரையும் குழந்தைகளின் கண் வறட்சியும்

கண் வறட்சி இன்று பெரும்பாலும் முதியோரையும் கணினி பார்ப்போரையும் வாட்டுகிறது. 1970களின் மதுரையில் அது குழந்தைகளின் பார்வையையே பறித்தது. காரணம் வைட்டமின் ஏ குறைபாடு. முதலில் மாலைக்கண் வரும். பிறகு வெண்விழியில் நுரைபோன்ற பிட்டாட் புள்ளிகள் தோன்றும். முற்றினால் கருவிழி காய்ந்து, இளகி, சில நாள்களிலேயே அழிந்துவிடும். தட்டம்மை கண்ட பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம். வைட்டமின் ஏ தரும் முருங்கைக்கீரை விளையும் ஊரில் இப்படி நேர்ந்ததுதான் பெரும் துயரம்.

அரசு எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, இக்குழந்தைகளுக்கென ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் அமைக்க முன்னின்றார். ஓய்வுபெற்றபின் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அரவிந்த் மருத்துவர்கள் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினர். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்தது. முடிவு 1990இல் வெளியானது. கண்ணுக்கான மருந்து உயிரையும் காத்தது என்பதே இதன் அருமை.

இன்றைய பெரியவர்களின் வறட்சி வேறு வகை. இமையின் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டால் கண்ணீர் விரைவில் ஆவியாகிறது. வெதுவெதுப்பான ஒத்தடமும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளும் அதற்கான முதற்கட்டச் சிகிச்சை.