கந்தை என்றால் கேவலமா?

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. திண்டுக்கல் பக்கம் எந்த வீட்டுப் பாட்டியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஏன் என்று கேட்டால் கண்ணு பட்டுரும் என்பார். இன்னும் குடைந்தால், 'உங்கப்பனையே என் பழைய சேலையிலதான்டா போட்டு வளர்த்தேன்' என்று வாயை அடைத்துவிடுவார். அதற்கு மேல் பேச முடியுமா?

ஆனால் பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது. கைத்தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் நெசவுக்கு ஏற்றுவார்கள். அந்த விறைப்பு லேசில் போகாது. புதுச்சேலை கட்டிய அன்று மொறமொறவென்று நிற்பது அதனால்தான். நூறு தடவை துவைத்து, கல்லில் அடித்து, வெயிலில் காய்ந்த பிறகுதான் நூல் இளகும். அதற்குப் பிறகுதான் தண்ணீரையும் சட்டென்று குடிக்கும். பிறந்து நாலு நாளான தோலுக்கு அதைவிட நல்ல துணி இன்றைக்கும் வரவில்லை.

நான் படித்தது பி.காம். அங்கே தேய்மானம் என்றொரு பாடம் உண்டு. ஒரு சொத்தின் மதிப்பை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பூஜ்யத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பருத்திச் சேலை அந்தக் கணக்கில் சேராது. பூஜ்யத்தைத் தொட்ட பிறகுதான் அதற்கு டிமாண்டே ஆரம்பிக்கும். மருமகளுக்கு ஆறாம் மாசம் ஆனதும் சித்தி வீடு, அத்தை வீடு, பக்கத்து வீடு என்று பழைய சேலை வேட்டை நடக்கும். ஒன்று தொட்டிலுக்கு. ஒன்றைக் கிழித்துத் துண்டுத்துணி. மிச்சத்தை நாலாக மடித்து, ஓரம் தைத்தால் குட்டி மெத்தை.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் சின்னாளபட்டி. சுங்குடிக்கும் ஆர்ட் சில்க்குக்கும் பேர்போன ஊர். நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்த சௌராஷ்டிரர்கள் கொண்டுவந்த வித்தை சுங்குடி. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்து, பிறகு முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளிகள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. 2005-ல் 'மதுரைச் சுங்குடி'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் முடிச்சுப் போடுகிற கைகள் குறைந்து, பிரிண்ட் அடித்த சுங்குடி சந்தையைப் பிடித்திருந்தது தனிக்கதை. எப்படியோ, இந்த வட்டாரத்தில் பல பிள்ளைகள் கண் திறந்து பார்த்த முதல் டிசைன், தொட்டிலுக்குள்ளிருந்து தெரிந்த அந்தச் சுங்குடிப் புள்ளிதான். சின்னாளபட்டியை ஒட்டித்தான் காந்திகிராமம். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ராமச்சந்திரனும் தொடங்கியது. அங்குள்ள கஸ்தூர்பா மருத்துவமனையில் பிறந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் தெருவுக்குத் தெரு இருப்பார்கள்.

சரி, நாம் நாலாக மடித்து ஓரம் தைத்ததோடு விட்டோம். வங்காளத்துக்காரர்கள் விடவில்லை. அதே பழைய சேலைகளை அடுக்கி, சேலையின் கரையிலிருந்து கலர் நூலைப் பிரித்து எடுத்து, அதையே ஊசியில் கோத்து, மேலும் கீழுமாக நூலோட்டிக்கொண்டே போனார்கள். மீன், தாமரை, பல்லக்கு, யானை எல்லாம் வந்தன. பிறக்கப்போகிற பேரனுக்குப் பாட்டி மாதக்கணக்கில் உட்கார்ந்து தைப்பாள். பைசா செலவு கிடையாது. அதற்குப் பெயர் காந்தா. 1939-ல் ஸ்டெல்லா க்ராம்ரிஷ் என்கிற கலை வரலாற்று அறிஞர் அதைப்பற்றி எழுதினார். கொல்கத்தாவில் குருசதய் தத் சேர்த்துவைத்த காந்தாக்களுக்காகவே ஜனங்கள் மியூசியத்துக்குப் போனார்கள். 2008-ல் மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கும் புவிசார் குறியீடு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காந்தாவும் நம்மூர் கந்தையும் ஒரே வார்த்தை. சம்ஸ்கிருதத்தில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்ட துணி. அங்கே போய் அது கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. இங்கே வந்து வசவாகிவிட்டது. என்ன செய்ய, வார்த்தைகளுக்கும் ஜாதகம் உண்டு போலிருக்கிறது.

சீனாவில் இன்னும் ஒரு படி மேலே. 'நூறு வீட்டு உடை' என்று அங்கே ஒரு வழக்கம். குழந்தை பிறந்தால் வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு துண்டுத்துணி கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் இணைத்துத் தைத்துப் பிள்ளைக்குப் போடுவார்கள். நூறு வீட்டு ஆயுசும் இந்தப் பிள்ளைக்குச் சேரட்டும் என்று கணக்கு. ஜப்பானிலும் இதே மாதிரி உண்டு. குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம். தடுப்பூசி கிடையாது. தாயிடம் இருந்தது ஊசியும் நூலும்தான்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்த ஒட்டுத்துணி ஆசை எப்படி வந்தது? அதில் நமக்கும் பங்குண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயத்துணிகளைப் பார்த்து லண்டன் சீமாட்டிகள் கிறுகிறுத்துப்போனார்கள். துவைத்தாலும் சாயம் போகாத பருத்தியை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. உள்ளூர் நெசவாளிகள் கலவரம் செய்ய, 1700-ல் இறக்குமதிக்குத் தடைச் சட்டம். 1721-ல் உடுத்தவே தடை. அது 1774 வரை நீடித்தது. லெவன்ஸ் ஹால் என்கிற மாளிகையில், 1708 வாக்கில் தைத்த ஒரு போர்வை இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்று. துண்டுகள் எல்லாம் இந்தியப் பருத்தி. கிடைப்பது அரிது என்றால் கத்தரித்த துண்டைக்கூட யாரும் தூக்கிப் போடமாட்டார்கள் அல்லவா?

அதே லண்டனில், 1741-ல், வளர்க்க வழியில்லாத தாய்மார்களின் குழந்தைகளை வாங்கிக்கொள்ள ஓர் இல்லம் திறந்தார்கள். ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல். தாமஸ் கோரம் என்கிற கப்பல்காரர் நாயாய் அலைந்து உண்டாக்கியது. குழந்தையை ஒப்படைக்கிற தாய், பின்னால் வந்து கேட்டால் அடையாளம் வேண்டுமே? அதற்காக ஒரு துண்டுத்துணியைக் குழந்தையின் பதிவுத்தாளில் குத்திவைப்பார்கள். அப்படிச் சேர்ந்த துணிகள் மட்டும் ஐயாயிரத்துச் சொச்சம் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

1767 பிப்ரவரியில் ஓர் ஆண் குழந்தை வந்தது. நம்பர் 16516. கூடவே வந்தது சின்னச் சின்னத் துணிகளை ஒட்டித் தைத்த ஒரு துண்டு. அதன்மேல் சிவப்பு நூலில் ஓர் இதயம். இதயத்தை நடுவாகக் கத்தரித்திருந்தாள் தாய். பாதி பதிவேட்டில். பாதி அவளிடம்.

எட்டு வருஷம் போயிற்று. 1775 ஜூன் 10-ம் தேதி ஸாரா பெண்டர் என்ற பெண் தன் பாதியோடு வந்து நின்றாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். பொருந்தியது. பையனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

சினிமா மாதிரி இருக்கிறதா? எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை. 1741 முதல் 1760 வரை அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகள் 16,282. திரும்ப வந்து அழைத்துக்கொண்டு போனவர்கள் 152 பேர். சதவிகிதம் போட்டால் ஒன்றுகூடத் தேறாது. மற்றத் துணிகள் எல்லாம் மறுபாதிக்காகக் காத்திருந்து அப்படியே மக்கிய காகிதத்தோடு தங்கிவிட்டன.

இதைப் படிக்கும்போது நமக்கு உசிலம்பட்டி ஞாபகம் வராமல் இருக்காது. 1986-ல் இந்தியா டுடே பத்திரிகை அங்கே பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை எழுதியது. நாடே அதிர்ந்தது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல் என்று விரிந்தது. கொல்லாதே, எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்பதுதான் திட்டம். பெயர் சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம். லண்டனில் ஒருநாள் வருவாய் என்று துணியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே அடையாளமே இல்லாமல் விடலாம் என்று சொன்னால்தான் குழந்தை உயிரோடு வந்து சேரும் என்ற நிலைமை. திட்டத்தைத் திட்டியவர்கள் உண்டு. பெண் குழந்தையைக் கைவிட அரசாங்கமே வழிசெய்கிறது என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தொட்டிலில் விழுந்ததால் பிழைத்த பிள்ளைகளை எதில் கழிப்பது? என் ஓட்டு தொட்டிலுக்குத்தான்.

இப்போது வேறொரு சிக்கல். தொட்டில் கட்டப் பழைய பருத்திச் சேலைக்கே பஞ்சம். பாட்டி சுங்குடி கட்டினார். அம்மா பாலியெஸ்டருக்கு மாறினார். மகள் சுடிதார், நைட்டி. பாலியெஸ்டர் எத்தனை முறை துவைத்தாலும் ஈரம் குடிக்காது. டயப்பர் வந்துவிட்டதால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதுமில்லை. ஆனாலும் தங்கை பிரசவத்துக்கோ, ஆபீஸ் தோழி வளைகாப்புக்கோ தன் கையால் ஒரு குட்டி மெத்தை தைத்துக் கொடுக்கும் பெண்கள் அங்கங்கே கிளம்பியிருக்கிறார்கள். கடையில் துணி வாங்கித் தைக்கிறவர்களைவிட, அம்மாவின் பீரோவைக் குடைகிறவர்கள்தான் கெட்டிக்காரர்கள்.

குடைகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கட்டின சேலையில் நடுப்பகுதிதான் முதலில் நையும். முந்தானையும் கரையும் கெட்டியாகவே இருக்கும். அதனால் நைந்ததை உள்ளே வைத்து, முந்தானையை மேலே போடலாம். இன்னொன்று, ஒரு வயசு வரை தூங்குகிற குழந்தைக்கு மேலே தளர்வாக எதையும் போர்த்தக்கூடாது, முகத்தை மூடிவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம்மூர் வெயிலுக்குப் போர்த்த வேண்டிய அவசியமும் இல்லை. முழித்திருக்கும்போது தரையில் விரித்து, கவிழ்த்துப் போட்டால் போதும், பிள்ளை புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். சுங்குடிச் சிவப்பு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்பட வேண்டாம். அம்மா கட்டிப் பத்து வருஷமானதென்றால், போக வேண்டிய சாயமெல்லாம் எப்போதோ வாய்க்காலில் போயிருக்கும்.